தொண்ணூற்று நான்காம் பொருளுக்கு ஒரு சாட்சி

அந்த அறையில் மின்விசிறி ஓடிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. விசிறிக்கு ஒரு கோளாறும் இல்லை. யாரும் அதை ஓட விடவில்லை, அவ்வளவுதான். நடுவில் கிடந்த நீள மேசையின் மேல் ஒரே ஓர் ஆங்கில வினைச்சொல்லின் அட்டைகள் நூற்றிருபத்தாறு குவியல்களாக அடுக்கப்பட்டிருந்தன. விசிறியைப் போட்டால் சூரியன் மறையும் குவியல் பறந்துபோய்ச் சிமெண்டு இறுகும் குவியலில் விழும். ஆகவே அந்த அகராதி அலுவலகத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: பெரிய வினை மேசையில் இருக்கும்வரை விசிறி கிடையாது, ஜன்னல் திறக்கக்கூடாது, தும்மல் வந்தால் வராந்தாவுக்கு ஓட வேண்டும்.

அந்த வினைச்சொல் 'செட்'. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. பார்த்தால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும்; கையில் எடுத்தால்தான் அதற்கு எத்தனை நகம் என்று தெரியும். சூரியன் செட் ஆகிறது. சிமெண்டு செட் ஆகிறது. வைத்தியர் முறிந்த எலும்பை செட் செய்கிறார், நகைக்காரர் மோதிரத்தில் கல்லை செட் செய்கிறார், வாத்தியார் கேள்வித்தாளை செட் செய்கிறார். கடிகாரத்தை, எலிப்பொறியை, சாப்பாட்டு மேசையை, தலைமுடியை என்று எதைத் தொட்டாலும் இந்தச் சொல் வந்து முன்னால் நின்றது. ஆங்கிலம் - தமிழ்ப் பேரகராதியின் புதிய பதிப்பில் அதை எழுதும் வேலை எவள் தலையில் விழுந்ததோ அவளுக்கு அலுவலகமே சேர்ந்து வைத்த பெயர் செட்டம்மா. அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

"செட்டம்மா, இன்னைக்காவது விசிறி சுத்துமா?" என்று தட்டச்சுக்காரி காலையில் வந்ததும் கேட்டாள்.

"நாலு மணிக்கு அச்சகத்து வண்டி வருது. நாலு ஒண்ணுக்கு நானே போடுறேன்."

"பாத்து. சட்டுனு காத்துப் பட்டா எங்களுக்கு ஜுரம் வந்துடும்."

அன்று வியாழக்கிழமை. நாலு மணிக்குள் கடைசிக் கையெழுத்து விழுந்தால் அவளுடைய நூற்றிருபத்தாறு பொருளும் அச்சுக்குப் போகும். விழாவிட்டால் பழைய பதிப்பின் அரைப்பக்கம், முப்பத்தொரு பொருள், அப்படியே மறுபடி அச்சாகும். பதிப்பாசிரியர் இதைக் கோபப்படாமல்தான் சொல்லியிருந்தார். அதனால்தான் பயமாக இருந்தது. அடுத்த பதிப்பு வர எப்படியும் இருபது வருஷம் ஆகும். அப்போது செட்டம்மா ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பாள். அவளுடைய பதினான்கு மாதம் பெட்டியில் உட்கார்ந்திருக்கும்.

பத்தேகால் மணிக்கு மூலை மேசையிலிருந்து குரல் வந்தது.

"செட்டம்மா, இங்க கொஞ்சம் வாம்மா."

கூப்பிட்டவர் சரிபார்ப்பாளர். கையிலே எப்போதும் வட்டக் கண்ணாடி ஒன்று இருக்கும் என்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முப்பத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. கடைசிக் கையெழுத்து அவருடையது. அவர் 'வாம்மா' என்று குழைந்தால் ஏதோ வெடிக்கப் போகிறது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். தட்டச்சு ஓசை நின்றது.

அவர் முன்னால் இரண்டு அட்டைகள் கிடந்தன. அந்த அலுவலகத்தில் ஒரு பொருள் அகராதியில் ஏற வேண்டுமானால் இரண்டு அட்டை வேண்டும். ஒவ்வொரு அட்டையிலும் அச்சில் வந்த ஒரு வாக்கியம், அது வந்த நூல், பக்கம், ஆண்டு. இரண்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாதவையாக இருக்க வேண்டும். வேறு அகராதி சாட்சி ஆகாது, அகராதிக்காரர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறவர்கள் என்பதால். வீட்டு ஆள் சொன்னதும் சாட்சி ஆகாது, அவர்கள் நமக்காக எதையும் சொல்வார்கள் என்பதால்.

"தொண்ணூத்தி நாலாம் பொருள்," என்றார் பூதக்கண்ணாடி. "ரம்பத்தை செட் செய்தல். கூர் தீட்டுதல்னு போட்டிருக்க. முதல் அட்டை ஒரு பட்டறைக் கையேடு. 'திங்கட்கிழமைதோறும் ரம்பங்கள் செட் செய்யப்பட்டன.' சரி, செஞ்சாங்க. என்ன செஞ்சாங்கன்னு அது சொல்லல. ரெண்டாவது?"

"குழந்தைங்க படப் புத்தகம் சார். கீழ தமிழ்ல பொருள் குடுத்திருக்கான். கூர் தீட்டுதல்னு தெளிவா இருக்கு."

"கடைசிப் பக்கம் பாத்தியா?"

அவர் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார். பொடி எழுத்தில் ஒரு நன்றி. தமிழ்ப் பொருள் தந்து உதவிய பேரகராதிக்கு நன்றி. எந்தப் பேரகராதி? இவர்களுடையதேதான், பழைய பதிப்பு.

செட்டம்மா அந்த வரியின் மேல் விரலை வைத்து மறுபடி படித்தாள்.

"நாம பேசினத நாமே கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டு, 'ஆமா, ஊரே இதத்தான் சொல்லுது'ன்னு தலையாட்டியிருக்கோம்," என்றார் பூதக்கண்ணாடி. "கையெழுத்துப் போட முடியாதும்மா."

"தொண்ணூத்தி நால எடுத்துடலாமா சார்?"

"எடுத்தா தொண்ணூத்தி அஞ்சு தொண்ணூத்தி நாலாகும். 'செட் தொண்ணூத்தெட்டைப் பார்க்க, செட் நூத்திப் பத்தைப் பார்க்க'ன்னு நீதானே மத்த பக்கமெல்லாம் குறிப்புக் குடுத்த? அதெல்லாம் அச்சாகிக் கட்டுக் கட்டா இருக்கு."

ஆக, எடுக்கவும் வழியில்லை, விடவும் வழியில்லை. ஒரு ரம்பம் நூற்றிருபத்தைந்து பேரையும் வாசலில் மறித்துக்கொண்டு நின்றது.

அடுத்த அரைமணி நேரம் அலுவலகமே ஆளுக்கொரு புத்தகத்தைப் புரட்டியது. தச்சு என்று தலைப்பில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. ஒன்றில் கதவு இருந்தது, ஒன்றில் படகு இருந்தது. ரம்பம் இருந்த நூலில் செட் இல்லை. ஆபத்துக்குப் பாவமில்லை என்று யாரோ ஓர் ஆங்கில அகராதியைக்கூடத் திறந்து பார்த்தார்கள். 'பற்களைச் சரியான நிலையில் வை' என்றது அது. எது சரியான நிலை என்பதை அது தன்னோடு வைத்துக்கொண்டது.

பதினொரு மணிக்கு செட்டம்மா தொலைபேசியைச் சுழற்றினாள். அவளுடைய அண்ணன் அலமாரியும் கட்டிலும் செய்யும் பட்டறை வைத்திருந்தான். அந்தப் பட்டறையில் ஒரு மூலை அண்ணியுடையது. சுற்றுவட்டாரத்துத் தச்சர்கள் எல்லோரும் மழுங்கிய ரம்பத்தை அண்ணியிடம்தான் கொண்டுவருவார்கள். வீட்டு ஆள் பேச்சு அட்டையில் ஏறாதுதான். ஆனால் வீட்டு ஆளிடம் ஏதாவது அச்சடித்த தாள் இருக்கலாம் அல்லவா?

"அண்ணி, நான்தான். ரம்பத்துக்குக் கூர் போடுறதப் பத்தி இங்கிலீஷ்ல அச்சடிச்ச தாள் ஏதாவது உங்ககிட்ட இருக்கா?"

"கூரு போடுறதுக்கா, செட்டு வைக்கிறதுக்கா?"

செட்டம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணி?"

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. தொலைபேசியைத் தள்ளிப் பிடிக்கும்படியான சிரிப்பு.

"ஏங்க! இங்க வாங்க! உங்க தங்கச்சி கூரும் செட்டும் ஒண்ணுங்கிறா! பதினாலு மாசமா அந்த ஒரு சொல்லத்தானே படிச்சா?"

"அண்ணி, சிரிக்காதீங்க. வேற வேறயா? நிஜமாவா?"

"பல்லு வெளக்குறதும் பல்லு கட்டுறதும் ஒண்ணா? வந்து பாரு."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பின்னால் பூதக்கண்ணாடி கத்தினார்: "வாய்ப்பேச்சு வேண்டாம்! மூலத்தாள்! என் கண்ணால பாக்கணும்!"

பேருந்தில் நின்றபடி அவளுக்கு ஒரே படபடப்பு. அதில் பயம் பாதிதான் இருந்தது. மற்றப் பாதி வேறொன்று. சாட்சி இல்லை என்பது சின்னக் குற்றம். பொருளே தவறு என்றால்? ஓர் அகராதி முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு தவறைக் கம்பீரமாகச் சொல்லி வந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கப் போகிறவள் இந்தப் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்! பக்கத்தில் நின்றவர் ஒதுங்கிக்கொண்டார். தான் வாய்விட்டுப் பேசியிருக்க வேண்டும் என்று அவளுக்குப் பிறகுதான் தோன்றியது.

பட்டறையில் அண்ணன் வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டு ஓர் அலமாரிக்குப் பின்பலகை அடித்துக்கொண்டிருந்தான். தங்கையைப் பார்த்ததும் ஆணிகளுக்கு நடுவிலேயே சிரித்தான்.

"வாங்க புலவரே."

"நீ சும்மா இரு. அண்ணி எங்க?"

அண்ணி இரும்புப் பிடியில் ஒரு கைரம்பத்தைப் பல் மேலாக நிறுத்தி வைத்துத் தயாராக இருந்தாள். "கிட்ட வா. ஒரு கண்ண மூடிக்கிட்டு, பல்லு வரிசையோட பாரு. என்ன தெரியுது?"

செட்டம்மா குனிந்து பார்த்தாள். நேர்கோடு இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் இரண்டு வரிசை தெரிந்தது. ஒரு பல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது, அடுத்தது வலப்பக்கம், மறுபடி இடம், மறுபடி வலம். நடுவில் ஒரு வாய்க்கால் போல் இடைவெளி ஓடியது.

"இதுதான் செட்டு. பல்லு நேரா இருந்தா ரம்பம் எவ்வளவு கனமோ அவ்வளவுதான் வழி வெட்டும். பாதி மரம் போனதும் இறுகி மாட்டிக்கும். உங்க அண்ணன் கெட்ட வார்த்தை பேசுவாரு."

"நான் எங்க பேசினேன்?"

"பேசுவாரு. பல்ல இப்படி ரெண்டு பக்கமும் சாய்ச்சு விட்டா வழி அகலமாகும், ரம்பம் தாராளமாப் போய் வரும்." அண்ணி இடுக்கி மாதிரி ஒரு கருவியை எடுத்து இன்னும் சாய்க்காத ஒரு பல்லின் மேல் வைத்து அழுத்தினாள். 'டக்'. பல் சாய்ந்தது. ஒன்று விட்டு அடுத்தது. 'டக்'. "செட்டு வச்ச பிறகுதான் அரத்தை எடுத்துக் கூரு போடுவேன். மாத்திச் செஞ்சா தீட்டின கூரு போச்சு."

"நானும் போடட்டுமா?"

'டக்'. கைக்குள் ஓர் எலும்பு நகர்ந்தது போல் இருந்தது. பதினான்கு மாதத்தில் அந்தச் சொல்லை அவள் முதல்முறையாகத் தொட்டாள். சந்தோஷத்தில் இன்னொரு பல்லுக்கும் போனாள்.

"போதும் போதும், அது வாடிக்கையாளர் ரம்பம்!"

"இந்தக் கருவியோட ஒரு தாள் வந்திருக்குமே அண்ணி? எப்படிப் பயன்படுத்துறதுன்னு?"

அண்ணி யோசித்தாள். அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அலமாரிக்குப் பின்னால் போனான்.

"தாள் இருந்துது," என்றாள் அண்ணி மெதுவாக. "எங்க இருக்குன்னு உங்க அண்ணனக் கேளு."

சுவரோரம் ஒரு தட்டு இருந்தது. அதன் மேல் வார்னிஷ் டின். டின்னுக்கு அடியில், பலகை கறையாகாமல் இருக்க, ஒரு தாள். டின்னைத் தூக்கினார்கள். வார்னிஷ் வழிந்து காய்ந்து, தாள் பலகையின் தோலாகவே ஆகியிருந்தது. நடுவில் பழுப்பாக ஒரு வட்டம். ஆனால் வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஆங்கில எழுத்துகள் கண்ணாடிக்குள் வைத்தது போலத் தெளிவாகத் தெரிந்தன. செட்டம்மா மூக்கைப் பலகையில் ஒட்டிவைத்துப் படித்தாள். முதலில் பற்களை செட் செய்யவும். ஒன்றுவிட்டு ஒன்றாக இடமும் வலமும் சாய்க்கவும். அதன் பின்னரே கூர் தீட்டவும்.

"அண்ணி! ஒரே மூச்சுல ரெண்டும் இருக்கு! செட்டு வேற, கூரு வேறன்னு அவனே சொல்றான்!"

"நான் சொன்னப்ப நம்பலையா?"

"நீங்க சொன்னா அட்டையில ஏறாது அண்ணி. நீங்க சொந்தக்காரங்க."

"நல்ல ஆபீஸ்!"

அண்ணன் உளியின் முனையால் தாளின் ஓரத்தை நெம்பிப் பார்த்தான். ஓரம் தூளாக உதிர்ந்தது. "உரிக்க வராது. கிழியும்."

"கை வைக்காத!" என்று செட்டம்மா அலறினாள். கடிகாரம் ஒன்றே முக்கால் காட்டியது. "மூலத்தாளக் கண்ணால பாக்கணும்னு சொல்லியிருக்காரு."

அண்ணன் தாளைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், திருப்புளியை எடுத்தான்.

நான்கு திருகுகளில் மூன்று உடனே வந்துவிட்டன. நாலாவது துருப்பிடித்து அசையவில்லை. கடைசியில் அண்ணி, அன்று காலை தான் செட்டு வைத்த ரம்பத்தையே எடுத்துத் தாங்குகட்டையை அறுத்துத் தள்ளினாள். பலகை ஆறடி நீளம். சுமைவண்டியின் பின்பக்கம் ஏற்கெனவே ஓர் அலமாரி கட்டியிருந்தது, இறக்க நேரமில்லை. மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்து, பலகையை மடியில் குறுக்கே கிடத்தி, இருபுறமும் ஜன்னல் வழியே நீட்டிக்கொண்டு கிளம்பினார்கள். திருப்பம் வரும்போதெல்லாம் பின்னால் அலமாரிக் கதவு திறந்து 'படார்' என்று சாத்திக்கொண்டது.

"தாளு மேல வெயில் படுது, மூடு," என்றாள் அண்ணி.

"உனக்கு எப்ப இருந்து அகராதி மேல அக்கறை?" என்றான் அண்ணன்.

"என் செட்ட கூருன்னு எழுதி வச்சிருக்காங்க. அக்கறை வராதா?"

வழியில் ஒரு ரயில் கேட் மூடியது. கூட்ஸ் வண்டி. செட்டம்மா பெட்டிகளை எண்ணி, ஐம்பதுக்கு மேல் எண்ணப் பொறுக்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

அலுவலகத்துக்குள் பலகை நுழைந்தபோது மூன்றே கால். தட்டச்சுக்காரி வழிவிட்டாள், பதிப்பாசிரியர் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். பூதக்கண்ணாடி எதற்கும் அசையாமல் தன் மேசையை ஒழித்துப் பலகைக்கு இடம் பண்ணினார். கண்ணாடியை வைத்து முதல் எழுத்திலிருந்து நகர்ந்தார். அண்ணி அவர் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"தயாரிப்பாளர் பேரு டின் வட்டத்துல மறைஞ்சிருக்கே," என்றார் அவர்.

அண்ணி முந்தானையால் துடைத்துக் கருவியை அவர் முன் வைத்தாள். பிடியில் பெயர் செதுக்கியிருந்தது. தாளில் மறையாமல் நின்ற முதல் மூன்று எழுத்தும் கடைசி இரண்டும் பொருந்தின.

"ஆண்டு?"

"கீழ மூலையில சார், ஆணி ஓட்டைக்குப் பக்கத்துல," என்றாள் செட்டம்மா.

அவர் பார்த்தார். தலையை ஆட்டினார். கையெழுத்துப் போடவில்லை.

"அப்ப பழைய பொருள் தப்பு," என்றார். "புதுசா எழுதணும். பக்கம் கட்டியாச்சு. ஒரே வரிதான் இடம். ஒரு எழுத்து கூடினாலும் கடைசி வரி வெளிய விழும்."

மூன்று முப்பத்தைந்து. செட்டம்மா எழுதினாள், அடித்தாள். 'ரம்பம் இறுகாமல் செல்லும் பொருட்டு அதன் பற்களை' என்று தொடங்கியதே வரியைத் தாண்டியது. இன்னொன்று. அதுவும் நீளம். வெளியே அச்சகத்து வண்டியின் ஒலிப்பான் கேட்டது, இருபது நிமிஷம் முன்னதாகவே.

"அண்ணி, நீங்க யாருக்காவது சுருக்கமாச் சொல்லணும்னா எப்படிச் சொல்வீங்க?"

"பல்ல இடம் வலமா சாய்ச்சு விடுன்னுவேன். இதுக்கு மேல என்ன இருக்கு?"

செட்டம்மா எழுதினாள்: ரம்பப் பற்களை இடவலமாகச் சாய்.

பூதக்கண்ணாடி பேனா முனையால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு எண்ணினார். இரண்டாம் தடவை எண்ணினார். "ஓர் எழுத்து இடம் மிச்சம்," என்றார். கண்ணாடியைக் கீழே வைத்தார். மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கூர் தீட்டுன்னு எழுதினது நான்தான். சேர்ந்த முதல் வருஷம். அன்னைக்கும் வண்டி வந்து வாசல்ல நின்னுது. ரம்பத்த வேற என்ன செய்யப் போறாங்கன்னு நெனச்சேன்." ஜன்னல் பக்கம் கை காட்டினார். "கேக்க ஆள் இல்லாம இல்ல. எதிர்லயே மரக்கடை."

அண்ணிதான் பேசினாள். "விடுங்க சார். உங்க அகராதியப் பாத்து யாரும் ரம்ப வேலை பழகலையே, அந்த மட்டும் நல்லது."

முதலில் சிரித்தவர் அவர். பிறகு கையெழுத்துப் போட்டார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு பெரிதாக அவர் கையெழுத்துப் போட்டு யாரும் பார்த்ததில்லை. செட்டம்மா தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினாள். வண்டிக்காரர் வாங்கிப் பெட்டியில் வைத்து, "இதுல என்னம்மா அவ்வளவு அவசரம்?" என்றார். அவளுக்கு மூச்சு வாங்கியது. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

மேலே வந்தபோது குவியல்கள் பெட்டிகளுக்குள் போயிருந்தன. எல்லோரும் அவளுக்காகக் காத்து நின்றார்கள். அவள் சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினாள். விசிறி முனகியது, அசைந்தது, பதினான்கு மாதத் தூசியை எல்லோர் தலையிலும் தூவிவிட்டுச் சுழன்றது. தட்டச்சுக்காரி தும்மினாள். தும்மிவிட்டு வராந்தாவுக்கு ஓடப் போனவள், நினைவு வந்து நின்று, அங்கேயே இன்னொரு தும்மல் தும்மினாள்.

"சரி, பலகையக் குடுங்க, கிளம்பறோம்," என்றாள் அண்ணி. "வார்னிஷ் டின்னு தரையில கிடக்கு."

பூதக்கண்ணாடி பலகையின் மேல் கையை வைத்தார். "அது முடியாதும்மா. சாட்சி அலுவலகத்த விட்டு வெளிய போகக்கூடாது. விதி." அவர் ஏற்கெனவே அதன் ஓரத்தில் சிவப்பு மையால் 'செட் 94, அட்டை 2' என்று எழுதி முடித்திருந்தார்.

"அப்ப என் டின்னு?"

செட்டம்மா சுற்றிலும் பார்த்தாள். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் பழைய பதிப்பின் எட்டுத் தொகுதிகள் சுவரில் திருகிய ஒரு பலகைத் தட்டில் வரிசையாக இருந்தன. அவள் அவரைப் பார்த்தாள். அவர் அந்தத் தொகுதிகளைப் பார்த்தார். எழுந்து, ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் அடுக்கினார்.

அண்ணன் திருப்புளியை எடுத்தான். கழற்றிய பலகையை அண்ணி கையில் வாங்கித் தட்டிப் பார்த்தாள், சாணால் அளந்தாள்.

"நல்ல மரம். அரை அடி ஜாஸ்தி," என்றாள். "பரவால்ல, அறுத்துக்கிறேன்."